கசிவை வென்ற தச்சர்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், கோலா சிலாங்கூர் முதல் பெஸ்தாரி ஜெயா வரை செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பெஸ்தாரி ஜெயா முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டது. அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. 1917ஆம் ஆண்டு, ஹென்றி ஃபாகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அங்குதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த இவ்வட்டாரத் தோட்டங்கள் பல, காலப்போக்கில் செம்பனைக்கு மாறின.

செம்பனைக் குலைகளை வெட்டிய பிறகு காலம் தாழ்த்த முடியாது. ஏறத்தாழ 24 மணி நேரத்திற்குள் அவை ஆலையைச் சென்றடைந்து நீராவியில் அவிக்கப்பட வேண்டும். தாமதமானால் பழத்திலுள்ள எண்ணெயில் அமிலத்தன்மை கூடி அதன் தரம் குறையும். அவித்த பழங்களை ஆலையிலுள்ள திருகு அழுத்தி பிழிந்து எண்ணெய் எடுக்கும். அவ்வழுத்தியின் வாயில் ஒரு கூம்பு இருக்கும். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஓர் உருளை அக்கூம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தைத் தருவது ஒரு சிறிய பம்பு. அந்தப் பம்பினுள்ளே, விரல் நுனி அளவேயான வால்வுகளும் அவற்றைத் தாங்கும் சுருள்வில்களும் இருக்கும். அந்தச் சிறு வால்வு தேய்ந்து கசியத் தொடங்கினால் அழுத்தம் குறையும். சக்கையோடு எண்ணெயும் வீணாகும். பழுது பார்க்க இயந்திரத்தை நிறுத்த வேண்டி வரும். வெட்டிய குலைகளோ வெளியே காத்துக்கிடக்கும்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். பெரிய இயந்திரத்தின் உழைப்பு முழுவதும் ஒரு சிறிய உறுப்பின் உறுதியைச் சார்ந்திருக்கிறது என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நன்கு உணர்ந்திருந்தவர் ஜோசப் பிராமா. திரவ அழுத்தத்தை மனிதனுக்கு ஏவல் செய்ய வைத்த அந்த ஆங்கிலேயர், முறையான பொறியியல் கல்வி எதுவும் பெறாத ஒரு தச்சர்.

ஜோசப் பிராமா 1748ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இங்கிலாந்தின் யார்க்‌ஷியர் பகுதியில், பார்ன்ஸ்லி நகருக்கு அருகிலுள்ள ஸ்டெயின்பரோவில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு விவசாயி. சில்க்ஸ்டோன் என்னும் ஊரிலிருந்த பள்ளியில் பிராமா சிறிது காலம் கல்வி கற்றார். பிள்ளைகள் வளர்ந்ததும் தந்தையோடு நிலத்தில் இறங்கி உழைப்பதே அந்நாளைய வழக்கம். பிராமாவும் அவ்வாறே ஏர் பிடிக்க வேண்டியவராக இருந்தார். ஆனால், அவருக்கு ஏறக்குறைய 16 வயதானபோது கணுக்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. நாள் முழுதும் வயலில் நின்று உழைக்க அவரால் இயலாமற்போனது.

வயல்வேலை கைவிட்டுப் போனாலும், அவருடைய கைத்திறன் அவரைக் கைவிடவில்லை. சிறுவயதிலிருந்தே ஓய்வு நேரத்தில் மரத்தைக் குடைந்து இசைக்கருவிகள் செய்து பழகியவர் அவர். எனவே, பெற்றோர் அவரை உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பினர். தொழிலைக் கற்றுத் தேர்ந்த பின்னர், பிராமா வேலை தேடி இலண்டன் மாநகருக்குச் சென்றார். அவர் அவ்வளவு தொலைவையும் நடந்தே கடந்ததாகக் கூறுவர். இலண்டனில் அலமாரி, பெட்டி முதலிய மரச்சாமான்கள் செய்யும் தொழிலாளியாக அவர் வாழ்க்கை தொடங்கியது. 1783இல் மேரி லாட்டன் என்னும் பெண்மணியை மணந்தார். அவர்களுக்கு ஒரு மகளும் நான்கு மகன்களும் பிறந்தனர்.

அக்காலத்தில் இலண்டன் செல்வர்களின் வீடுகளில் நீர்க்கழிப்பறைகள் புதிதாகப் பொருத்தப்பட்டு வந்தன. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் காப்புரிமை பெற்றிருந்த அமைப்பு அது. தச்சரான பிராமா அவற்றை வீடுகளில் பொருத்தும் வேலையைச் செய்து வந்தார். பொருத்திவிட்டுக் கூலி பெற்றுக்கொண்டு போவதோடு அவர் நின்றுவிடவில்லை. அவை ஏன் பழுதாகின்றன என்பதையும் கவனித்தார். கழிகலத்தின் அடியில் ஒரு தகடு பக்கவாட்டில் நகர்ந்து திறந்து மூடும் வகையில் அமைந்திருந்தது. அதுவே அதன் வால்வு. குளிர்காலத்தில் அது உறைந்து அசையாமல் நின்றுவிடும். பிராமா அத்தகட்டை நீக்கிவிட்டு, கீல் பொருத்திய ஒரு மூடியை அங்கு அமைத்தார். கதவைப் போலத் திறந்து, தன் இருக்கையில் வந்து இறுக்கமாகப் பொருந்தும் மூடி அது. இந்த மாற்றத்திற்கு அவர் 1778இல் காப்புரிமை பெற்றார். பிராமா பெற்ற காப்புரிமைகள் மொத்தம் 18. அவற்றுள் முதலாவது ஒரு வால்வுக்கானது என்பது குறிப்பிடத்தக்கது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அவருடைய பட்டறை ஏறக்குறைய 6,000 கழிப்பறைகளைச் செய்து விற்றது.

வால்வு என்பதைத் தமிழில் அடைப்பிதழ் என்றும் கூறுவர். திரவத்தை ஒரு திசையில் செல்லவிட்டு, மறுதிசையில் திரும்பிவிடாமல் தடுப்பதே பம்பிலுள்ள வால்வின் பணி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணியில் பல இடர்கள் உள்ளன. மூடி தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாவிட்டால் கசியும். மிக இறுகினால் திறக்க மறுக்கும். மணலோ துருவோ இடையில் சிக்கினால் கீறல் விழும். கீறலின் வழியே வேகமாகப் பாயும் திரவம் உலோகத்தையே அரித்துவிடும். இத்தகைய சிக்கல்களோடுதான் பிராமாவின் வாழ்நாள் முழுவதும் கழிந்தது.

அடுத்ததாக அவர் பூட்டுகளில் கவனம் செலுத்தினார். இலண்டனில் திருட்டுப் பெருகியிருந்த காலம் அது. 1784இல் அவர் காப்புரிமை பெற்ற பூட்டில், சாவியைச் சுற்றிப் பல மெல்லிய தகடுகள் வட்டமாக அமைந்திருந்தன. சாவி நுழையும்போது, சுருள்வில்லின் விசைக்கு எதிராக ஒவ்வொரு தகடும் வெவ்வேறு ஆழத்திற்குத் தள்ளப்படும். எல்லாத் தகடுகளும் உரிய இடத்தில் நின்றால்தான் பூட்டு திறக்கும். ஒரு தகடு சிறிது கூடவோ குறையவோ நகர்ந்தாலும் திறக்காது. பிக்காடில்லி வீதியிலிருந்த தம் கடையின் சன்னலில் அவர் ஒரு பூட்டைத் தொங்கவிட்டார். அதைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி நாணயங்கள் பரிசு என்றும் அறிவித்தார். பிராமா உயிரோடிருந்தவரை எவராலும் அதைத் திறக்க முடியவில்லை. அவர் மறைந்து 37 ஆண்டுகளுக்குப் பின், 1851இல் இலண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியின்போது, ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் அதைத் திறந்தார். அதற்கும் அவருக்கு 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் தேவைப்பட்டது.

இத்துணைச் சிறப்பான பூட்டை வடிவமைத்தாயிற்று. ஆனால், அதைப் போதிய எண்ணிக்கையில் செய்துதர ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் அராவித்தான் செய்ய வேண்டியிருந்தது. ஒருவர் செய்த உறுப்பு மற்றொருவர் செய்த பூட்டில் பொருந்தவில்லை. அந்நிலையில், 1789இல், ஊல்விச் படைக்கலச் சாலையில் பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லி என்னும் 18 வயது இளைஞரைப் பற்றிப் பிராமா கேள்விப்பட்டார். வயதில் மிக இளையவர் என்பதால் முதலில் தயங்கினார். எனினும், அவருடைய கைத்திறனைக் கண்டதும் வேலையில் சேர்த்துக்கொண்டார். குறுகிய காலத்திலேயே மோட்ஸ்லி பட்டறையின் தலைமைப் பணியாளராக உயர்ந்தார்.

அனுபவம் மிக்க முதலாளியும் துடிப்பான இளைஞரும் இணைந்ததால் பட்டறையின் போக்கே மாறியது. பூட்டின் உறுப்புகளை ஒரே அளவில் வெட்டித்தரும் இயந்திரங்கள் உருவாயின. அவற்றுள் சுருள்வில் சுற்றும் இயந்திரமும் ஒன்று. கையால் கம்பியைச் சுற்றும்போது ஓரிடத்தில் சுருள்கள் நெருங்கியும் மற்றோரிடத்தில் விலகியும் அமைந்துவிடும். அத்தகைய வில்லின் விசை ஒன்றைப்போல் ஒன்று இராது. மேலும், வளைவு மிகுந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் சுமை விழுந்து, நாளடைவில் வில் அங்கேயே முறியும். புதிய இயந்திரத்தில், கம்பியை வழிநடத்தும் பகுதி ஒரு திருகாணியின் துணையால் சீராக நகர்ந்தது. அதனால், சுருள்களுக்கிடையிலான இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக அமைந்தது. ஒரே அளவு, ஒரே விசை, நீண்ட உழைப்பு ஆகிய மூன்றும் அதனால் கைகூடின. அந்த இயந்திரம் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பிராமாவின் பெயரை உலகம் முழுதும் நிலைநிறுத்தியது அவர் 1795இல் காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பொறியாகும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். ஆயினும், அவ்வுண்மை நூறாண்டுகளுக்கும் மேலாக ஏட்டிலேயே இருந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் பிராமா.

அப்பொறியின் தத்துவம் எளியது. ஒரு சிறிய உருளையும் ஒரு பெரிய உருளையும் குழாயால் இணைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். சிறிய உந்துதண்டின் பரப்பு 1 சதுர செண்டிமீட்டர். பெரியதன் பரப்பு 100 சதுர செண்டிமீட்டர். சிறியதன் மீது 10 கிலோகிராம் எடையை வைத்தால், பெரியது 1,000 கிலோகிராம் எடையைத் தாங்கும். ஒரு மனிதன் கையால் நெம்புகோலை அழுத்தி ஒரு டன் எடையை உயர்த்தலாம்.

ஆனால், இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. பெரிய உந்துதண்டு 30 செண்டிமீட்டர் உயர வேண்டுமானால் அதனடியில் 3,000 கன செண்டிமீட்டர் நீர் சேர வேண்டும். சிறிய உந்துதண்டு ஒருமுறை 5 செண்டிமீட்டர் இறங்கினால் 5 கன செண்டிமீட்டர் நீரே உள்ளே செல்லும். ஆகவே, அதை 600 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு வால்வுகள் தம் பணியைத் தவறாமல் செய்ய வேண்டும். உந்துதண்டு மேலே எழும்போது நீரை உள்ளிழுக்கும் வால்வு திறக்க, நீரை அனுப்பும் வால்வு மூடியிருக்கும். உந்துதண்டு இறங்கும்போது முதலாவது மூடி, இரண்டாவது திறக்கும். இரண்டாவது வால்வு சிறிது கசிந்தாலும், உயர்த்திய சுமை மெல்ல மெல்லக் கீழிறங்கிவிடும். 600 முறை பட்ட பாடு வீணாகிவிடும்.

வால்வுகளைக் காட்டிலும் பெரிய சிக்கல் ஒன்றும் பிராமாவை வாட்டியது. பெரிய உந்துதண்டிற்கும் அதன் உருளைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் நீர் பீறிட்டு வெளியேறியது. கசிவை நிறுத்த, இடைவெளியில் அடைப்புப் பொருளைத் திணித்து இறுக்கினார்கள். கசிவு நின்றது, ஆனால், உந்துதண்டும் நின்றுவிட்டது! அழுத்தத்தை விடுவித்த பிறகும் அது கீழே இறங்க மறுத்தது. தளர்த்தினால் கசிவு, இறுக்கினால் முடக்கம் என்ற நிலை. காப்புரிமை கையில் இருந்தும், பயன்படுத்தத்தக்க இயந்திரம் கையில் இல்லை. தம் உழைப்பும் பொருளும் வீணாகிவிடுமோ என்று பிராமா கலங்கினார்.

இச்சிக்கலைத் தீர்த்து வைத்தது ஒரு தோல் துண்டு. தோலைக் கிண்ணத்தின் விளிம்பு போல வளைத்து, அதன் குழிந்த பக்கம் நீரை நோக்கி இருக்குமாறு உந்துதண்டைச் சுற்றிப் பொருத்தினர். நீரின் அழுத்தம் கூடும்போது, அந்நீரே தோலின் குழிவுக்குள் புகுந்து அதன் விளிம்பை உந்துதண்டின் மீது அழுத்தும். அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும். அழுத்தம் நீங்கியதும் தோல் தானாகவே தளர்ந்துவிடும். உந்துதண்டு தடையின்றி இறங்கும். தேவையான வேளையில் மட்டும் இறுகுவதால் தோலின் தேய்மானமும் குறைந்தது. கசிய முயன்ற நீரையே காவலாளி ஆக்கிய வழி இது. இதைக் கண்டறிந்தவர் மோட்ஸ்லியே என்று, பிற்காலத்தில் அவரிடம் பணியாற்றிய பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் எழுதி வைத்துள்ளார்.

இத்துணைப் பெரிய பங்காற்றிய மோட்ஸ்லிக்கு அப்போது வாரம் 30 ஷில்லிங் ஊதியமே கிடைத்து வந்தது. குடும்பம் பெருகியதால், 1797இல் அவர் ஊதிய உயர்வு கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மோட்ஸ்லி அங்கிருந்து விலகித் தனிப் பட்டறை தொடங்கினார். அவர் உருவாக்கிய திருகு வெட்டும் கடைசல் பொறியும், அவரிடம் பயின்ற இளைஞர்களும் பின்னாளில் ஆங்கிலேயப் பொறியியலின் தூண்களாயினர். இயந்திர உறுப்புகளின் மதிப்பை நுணுக்கமாக எடைபோடத் தெரிந்த பிராமா, தம்மிடம் இருந்த மிகச் சிறந்த மனிதரின் மதிப்பை எடைபோடத் தவறிவிட்டார். அவருடைய வாழ்க்கையில் இது ஒரு பெரிய இழப்பாகவே அமைந்தது.

எனினும், பிராமாவின் முயற்சி ஓயவில்லை. அதே 1797ஆம் ஆண்டு, நிலவறைப் பீப்பாய்களில் உள்ள பானத்தை மேல்தளத்திற்கு ஏற்றும் கைப்பம்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1802இல் மரம் இழைக்கும் பெரிய இயந்திரத்தை உருவாக்கினார். 1806இல், வங்கித் தாள்களில் வரிசை எண்களை அச்சிடும் இயந்திரத்தைச் செய்து தந்தார். அதற்கு முன்பு இங்கிலாந்து வங்கியின் எழுத்தர்கள் அவ்வெண்களைக் கையால் எழுதி வந்தனர். கணித அறிஞர் சார்ல்ஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரத்தின் ஒரு பகுதியைப் பின்னாளில் செய்துதந்த ஜோசப் கிளெமெண்டும் பிராமாவின் பட்டறையில் பணியாற்றியவரே.

நீரழுத்தப் பொறியின் பயன் நாளுக்கு நாள் விரிந்தது. வைக்கோல், பஞ்சு போன்றவற்றைச் சிறு பொதிகளாக அழுத்தவும், வித்துகளிலிருந்து எண்ணெய் பிழியவும் அது பயன்பட்டது. வேரூன்றிய மரங்களைப் பிடுங்கவும் அதைப் பயன்படுத்தலாம் என்று பிராமா கருதினார். 1814ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் ஹாம்ப்‌ஷியர் பகுதியிலுள்ள ஹோல்ட் காட்டில் நூற்றுக்கணக்கான மரங்கள் அப்பொறியின் உதவியால் வேரோடு பெயர்த்தெடுக்கப்பட்டன. 66 வயதான பிராமா, கடுங்குளிரையும் பொருட்படுத்தாமல் காட்டிற்கே சென்று அப்பணியை மேற்பார்வையிட்டார். அங்கு அவரைச் சளி பிடித்தது. அது நுரையீரல் அழற்சியாக முற்றியது. 1814 டிசம்பர் 9ஆம் நாள் அவர் இலண்டனில் காலமானார். பேடிங்டனில் உள்ள புனித மேரி தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிராமா மறைந்த பின்னும் அவருடைய பொறி வளர்ந்துகொண்டே சென்றது. 1849இல், வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணைக்கு மேலே பிரிட்டானியா பாலத்தை அமைக்க, 1,500 டன்னுக்கும் அதிக எடையுள்ள இரும்புக் குழாய்களை நீரழுத்தப் பொறிகளே மேலே தூக்கின. அப்பணியின்போது ஒரு பொறியின் உருளை, அடிப்பகுதி உடைந்து விழுந்தது. தலைமைப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன், குழாய் உயர உயர அதனடியில் உடனுக்குடன் முட்டுக்கொடுத்து வருமாறு முன்பே கட்டளையிட்டிருந்தார். அதனால் குழாய் சில அங்குலமே இறங்கி நின்றது, பாலம் தப்பியது. பெரும் அழுத்தத்தைக் கையாளும்போது ஒவ்வோர் உறுப்பின் உறுதியும் முக்கியம் என்பதை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

பிற்காலப் பொறியாளர்கள் வால்வுகளின் ஆயுளைக் கூட்டப் பல வழிகளைக் கண்டனர். அவற்றுள் முக்கியமானது வால்வுக்குச் சுருள்வில்லைத் துணையாக்குவது. தன் எடையால் மட்டும் மூடும் வால்வு மெதுவாகவே மூடும். அதற்குள் திரவம் பின்னோக்கிப் பாயத் தொடங்கி, வால்வை அதன் இருக்கையின் மீது ஓங்கி அறையும். ஒவ்வோர் அறைக்கும் உலோகம் சிறிது சிறிதாகச் சிதையும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமல்லவா? சுருள்வில் இருந்தால், திரவத்தின் வேகம் குறையும்போதே அது வால்வை மெல்லத் தள்ளி மூடிவிடும். அறையும் குறையும், ஆயுளும் கூடும்.

அதற்காக வில்லை மிக வலுவாக அமைத்துவிடவும் கூடாது. வில் விறைப்பாக இருந்தால் உள்ளிழுக்கும் வால்வு எளிதில் திறக்காது. பம்பு முழுமையாக நிரம்பாது. வில் தளர்வாக இருந்தால் வால்வு தாமதமாக மூடும். அளவறிந்து அமைப்பதே திறமை. அதோடு, வில்லுக்குத் துருப்பிடிக்காத உலோகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துருவால் ஏற்படும் ஒரு சிறு குழியே, ஆயிரமாயிரம் முறை சுருங்கி விரியும் வில் முறிவதற்குத் தொடக்கமாகிவிடும். வால்வையும் அதன் இருக்கையையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்த வேண்டும். பம்புக்குள் செல்லும் எண்ணெயை வடிகட்டித் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். இந்நான்கையும் கடைப்பிடித்தால் சிறிய வால்வு நெடுங்காலம் உழைக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் மலாயாவுக்கும் பிராமாவின் பொறி வந்து சேர்ந்தது. தோட்டங்களில் புகையில் உலர்த்திய ரப்பர் தகடுகளைப் பொதிகளாக அழுத்த அது பயன்பட்டது. திருகு அழுத்திகள் பரவுவதற்கு முன்பு, செம்பனை ஆலைகளில் எண்ணெய் பிழிந்ததும் நீரழுத்தப் பொறிகளே. தோல் கிண்ணத்தின் இடத்தை இன்று செயற்கை ரப்பர் பிடித்துக்கொண்டது. நீரின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. ஆயினும், அழுத்தம் கூடும்போது இறுகி, குறையும்போது தளரும் அந்தப் பழைய அமைப்பு இன்றும் மாறவில்லை. காலாவதியான செம்பனை மரங்களைச் சாய்த்து மறுநடவுக்கு நிலத்தைச் சீராக்கும் மண்வாரி இயந்திரத்தின் கைகளையும் திரவ அழுத்தமே இயக்குகிறது. ஹோல்ட் காட்டின் குளிரில் நின்று பிராமா செய்து பார்த்த வேலையின் தொடர்ச்சியே அது.

தோட்ட ஆலைகளில் பணிபுரியும் பழுதுபார்ப்போர் இன்றும் பம்பைப் பிரித்து, வால்வின் முகத்தில் கீறல் உள்ளதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கின்றனர். வில்லின் நீளம் குறைந்துவிட்டதா என்று அளந்து பார்க்கின்றனர். இயந்திரம் நின்ற பிறகு வருந்துவதைவிட, நிற்கும் முன்பே குறையைக் கண்டறிவது மேல் என்பதை அவர்கள் அறிவர். பழுதான பொருளைக் கண்டதும் அதைச் சரிசெய்வதோடு நில்லாமல், அது ஏன் பழுதானது என்று ஆராய்ந்ததே ஒரு தச்சரைப் பொறியியல் மேதையாக உயர்த்தியது. பட்டறையையே பள்ளியாகக் கொண்டு கற்ற ஜோசப் பிராமாவின் உழைப்பு, சத்தமின்றித் திறந்து மூடும் ஒவ்வொரு சிறு வால்விலும் இன்றளவும் வாழ்ந்துகொண்டிருக்கிறது.